யானைத் தலையும் பதினோரு கிராம் குண்டும்

உகாண்டாவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் கரமோஜா, முள்மரமும் காய்ந்த புல்லுமான நாடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தந்தத்துக்காக யானை சுட்டுக்கொண்டிருந்த வால்டர் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், விழுந்த யானையின் தலையை ரம்பத்தால் நெடுக்காக அறுத்துப் பார்த்தார். வெளியிலிருந்து பார்க்க அவ்வளவு பெரிய தலை; உள்ளே பெரும்பகுதி தேன்கூடு போல ஓட்டை ஓட்டையான எலும்பு. மூளை நெற்றியில் இல்லை. இரண்டு காதுத் துளைகளுக்கும் நடுவே, பின்னால் தள்ளி, தாழ்வாக இருந்தது. ஐந்தாறு டன் உடம்புக்கு நாலைந்து கிலோ மூளை. முன்னாலிருந்து சுட்டால் எங்கே குறி வைப்பது, பக்கவாட்டில் நின்றால் எங்கே, பின்னாலிருந்து சாய்வாக என்றால் எங்கே என்று பெல் படம் வரைந்தே பழகிக்கொண்டார்.

அவர் தூக்கிக்கொண்டு நடந்தது லண்டன் ரிக்பி கம்பெனியின் .275 ரைஃபிள். ஜெர்மனியின் பால் மவுசர் ராணுவத்துக்காக 1890களில் உருவாக்கிய 7 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ரிக்பி வைத்த பெயர்தான் .275. குண்டின் எடை பதினோரு கிராம் சொச்சம். மான் சுடுவதற்கு ஏற்றது என்று எவரும் சொல்லும் தோட்டா அது. பெல் தன் வாழ்நாளில் சுட்ட யானைகள் 1,011. அவற்றில் பெரும்பகுதி இந்தச் சின்னத் தோட்டாவுக்கு விழுந்தவை.

இந்த எண்ணிக்கையை வீரக்கதையாகச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு மனிதரின் தந்த வியாபாரத்துக்காக ஆயிரம் யானைகள் போயின என்பதே அதன் நேரான பொருள். ஆனால், பெரிய விலங்குக்கு எந்தத் தோட்டா என்ற கேள்வியை யார் எடுத்தாலும் பெல்லைத் தாண்டிப் போக முடியாது. நூறு வருஷமாக அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது: பெரிய குண்டா, சரியான இடமா?

வழக்கைப் புரிந்துகொள்ளத் தோட்டாவைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பித்தளைக் கூடு ஒன்று. அதன் அடியில், ஊசி குத்தினால் பொறி தெறிக்கும் சின்னக் கேப். உள்ளே மருந்து. வாயில் செருகிய குண்டு. நாம் பேச்சில் எல்லாவற்றையும் தோட்டா என்றோ குண்டு என்றோ சொல்லிவிடுகிறோம். குழலை விட்டு வெளியே போவது குண்டு மட்டும்தான். விலங்கின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தீர்மானிப்பதும் அதுவே. பெயர்களோ தலையைச் சுற்றவைப்பவை. .30-06 என்றால் 0.30 அங்குலம், 1906ஆம் ஆண்டு. 7x57 என்றால் 7 மில்லிமீட்டர் குண்டு, 57 மில்லிமீட்டர் நீளக் கூடு. .450/400 என்றால் .450 கூட்டின் கழுத்தை ஒடுக்கி .400 குண்டைச் செருகியது. .275 ரிக்பியின் குண்டை அளந்தால் .284 அங்குலம் வரும்; .275 என்பது குழலின் உள்விட்டம், குண்டின் விட்டம் அல்ல.

பெல்லுக்கு முந்தைய தலைமுறையிடம் இந்தத் தலைவலி இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது கரிமருந்து. அதை எவ்வளவு திணித்தாலும் குண்டின் வேகம் ஓரளவுக்கு மேல் ஏறாது. வேகத்தைக் கூட்ட முடியாவிட்டால் எடையைக் கூட்டு என்பதுதான் அன்றைய நியாயம். ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை வார்க்கலாம் என்பதே குழலின் அளவு. நான்கு வார்த்தால் அது நாலு போர், உருண்டை ஒன்று 113 கிராம்.

இலங்கை மலைநாடு அந்தப் பீரங்கிகளுக்குப் பயிற்சிக்கூடமாகவே இருந்தது. பதுளையில் அரசு அதிகாரியாக இருந்த மேஜர் ராஜர்ஸ் ஆயிரத்து நானூறு யானைகளைக் கொன்றதாகக் கணக்குச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறி 1855 வரை அங்கே பண்ணையும் வேட்டையுமாக இருந்தவர். பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் கடையில் அவர் சொல்லிச் செய்த நாலு போர் ரைஃபிள் ஒன்பதரை கிலோ. பிறகு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனது அதைவிடப் பெரியது: அரை பவுண்டு வெடிகுண்டை எறியும் இரண்டு போர். செல்லப் பெயர் ‘பேபி’. அதைச் சுட்டால் தன்னையே சுழற்றிவிடும் என்று ஆஜானுபாகுவான பேக்கரே எழுதியிருக்கிறார். அவருடைய அரபு வேலையாட்கள் அதற்கு ‘பீரங்கியின் பிள்ளை’ என்று பெயர் வைத்தார்கள்.

உதைப்பு வெறும் வலியோடு போவதில்லை. 1870களில் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் நாலு போரோடு யானை தேடிய பிரெடெரிக் செலூஸ் துப்பாக்கியில் ஒருமுறை மருந்து பற்றவில்லை. துப்பாக்கி தூக்கி வந்த ஆள், உள்ளே ஒரு மருந்து இருப்பது தெரியாமல் மேலே இன்னொன்றைத் திணித்துக் கொடுத்துவிட்டார். அடுத்த முறை விசையை அழுத்தியபோது செலூஸ் தரையிலிருந்து தூக்கி எறியப்பட்டார், முகம் கிழிந்தது. அதை விடுங்கள், அது விபத்து. அந்தக் கனத்த துப்பாக்கிகளை ஒழுங்காகச் சுட்ட நாட்களே தன் நரம்புகளைக் கெடுத்துவிட்டன, பின்னாளில் தன் குறி தவறியதற்கு அதுதான் காரணம் என்று அவர் வருந்தினார். விசையை அழுத்தும் நொடியில் தோள் தானாகச் சுருங்கும், கண் மூடிக்கொள்ளும். குண்டு எங்கேயோ போகும். இன்றைக்குத் துப்பாக்கிக் கடைக்குள் நுழைகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். பெரும்பாலும் கடைசியாகத்தான் யோசிக்கிறார்.

கார்டைட் என்ற புகையில்லா மருந்து 1889இல் வந்ததும் கணக்கு புரண்டது. 1898இல் ரிக்பி கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் 31 கிராம் குண்டை நொடிக்கு 655 மீட்டர் வேகத்தில் அனுப்பியது. பழைய நாலு போரின் குண்டில் மூன்றில் ஒரு பங்குகூட எடை இல்லை. யானை மண்டைக்குள் அதைவிட ஆழமாகப் போனது. கண்ணை மறைக்கும் புகையும் இல்லை. ஆனால் கார்டைட்டுக்கு வெயில் ஆகாது. சூடு ஏறினால் கூட்டுக்குள் அழுத்தம் எகிறும்; பித்தளை விரிந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். எதிரே காயம்பட்ட எருமை நிற்கும்போது காலிக் கூடு வெளியே வராவிட்டால் என்ன கதி? அதனால்தான் வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்துத் தோட்டா செய்தார்கள். 1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் கூடு அடியிலிருந்து வாய்வரை நன்றாகச் சரிந்து குறுகுவதைப் பார்க்கலாம். அழகுக்காக இல்லை, சட்டென்று கழன்று வருவதற்காக.

இந்தக் கதைக்குள் இந்திய அரசாங்கமும் ஒரு தடவை புகுந்தது. ராணுவத்தின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் .450 அளவு. அந்தத் தோட்டா கலகக்காரர்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்று, 1907இல் இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுக்கே தடை விழுந்தது. பெரிய வேட்டைக்கு லண்டன் கடைகள் நம்பியிருந்த முக்கியச் சந்தை இந்தியா. பதறிப்போய் ஆளுக்கொரு புது அளவு செய்தார்கள்: .465, .470, .475, .476. வேலையில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் கிடையாது. ஜமீன்தார்களும் துரைமார்களும் மட்டும் எது மேல் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். நாம் கைக்கடிகாரத்துக்கும் நகைக்கும் அறிந்த சென்னை மவுண்ட் ரோடு பி. ஓர் அண்ட் சன்ஸ் அன்று இத்தகைய துப்பாக்கிகளையும் விற்றது.

பெல் இவற்றையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் .275ஐ வைத்துக்கொண்டார். அவர் தேர்வில் ரகசியம் ஒன்றும் இல்லை. ராணுவக் குண்டு என்பதால் ஈயத்தின் மேல் முழு உலோக உறை. எலும்பில் பட்டாலும் நசுங்காது. விட்டம் குறைவு, நீளம் அதிகம். அதனால் கோணாமல் நேராக ஆழம் போகும். உதைப்பு குறைவு, எடை குறைவு. ஒரு யானைக்குச் சராசரியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்ததாகக் கணக்குப் போட்ட மனிதருக்கு, கையிலிருக்கும் ரைஃபிளின் எடை சின்ன விஷயமா? இவை போக, காலி ரைஃபிளைத் தூக்கிக் குறிபார்த்து விசை அழுத்தும் பயிற்சியை அவர் நாள் தவறாமல் செய்தார். அவரைப் பின்பற்ற விரும்பியவர்கள் ரைஃபிளை வாங்கினார்கள், இந்தப் பயிற்சியை விட்டுவிட்டார்கள்.

எதிர்த்தரப்பின் வக்கீல், அயர்லாந்துக்காரர் ஜான் டெய்லர். இவரும் தந்த வேட்டைக்காரர்தான். மொசாம்பிக் பக்கம் சட்டத்துக்குப் புறம்பாக யானை சுட்டவர். 1948இல் வெளிவந்த ஆப்பிரிக்க ரைஃபிள்கள் பற்றிய புத்தகத்தில் ஒரு சூத்திரம் கொடுத்தார். குண்டின் எடை, வேகம், விட்டம் மூன்றையும் ஆங்கில அளவுகளில் எடுத்துப் பெருக்கி 7,000ஆல் வகுக்க வேண்டும். பெல்லின் தோட்டாவுக்கு 16 வரும். .375க்கு 40. .450க்கு 67. டெய்லர் இதைச் சொன்னது ஒரு குறிப்பிட்ட நிலைமைக்கு: யானையின் நெற்றிக்குக் குறி வைத்து, மூளை மயிரிழையில் தப்பிவிட்டால், அந்த அடியில் யானை எவ்வளவு நேரம் மயங்கிக் கிடக்கும் என்பதற்கு. அதாவது, தவறுகிறவனுக்கான கணக்கு. மானுக்கும் பன்றிக்கும் அந்த எண்ணைப் போட்டுப் பார்ப்பது வீண்வேலை. இன்றும் பலர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு பேரும் சொன்னதை ஒட்டவைத்தால் ஒரு விஷயம் தெளிவாகும். பெல்லின் தோட்டா தப்பு செய்யாத ஆளுக்கு. டெய்லரின் கணக்கு தப்பு செய்யும் ஆளுக்கு. சட்டம் எழுதுகிறவர்கள் டெய்லர் பக்கம் சாய்ந்தது இயல்பு. இன்றைய ஜிம்பாப்வேயில் யானை, காட்டெருமை, நீர்யானை சுட வேண்டுமானால் குண்டு குறைந்தது 9.2 மில்லிமீட்டர், குழல் வாயில் ஆற்றல் 5,300 ஜூல். சிங்கத்துக்கு 7 மில்லிமீட்டரும் 4,300 ஜூலும். குடு மான், வரிக்குதிரை வகையறாவுக்கு 3,000 ஜூல். .375 ஏறக்குறைய 5,700 ஜூலோடு எல்லாவற்றையும் தாண்டிவிடும். பெல்லின் ரைஃபிளில் 2,800 ஜூல்தான். ஆயிரம் யானையை வீழ்த்திய அந்தத் தோட்டாவோடு இன்று அங்கே போனால் வரிக்குதிரையைச் சுடவும் அனுமதி கிடைக்காது.

யானைக்குச் சொன்னது புலிக்குப் பொருந்தாது. புலியின் தோல் மெல்லியது. எலும்பும் யானை எலும்பு அல்ல. முழு உறை போட்ட குண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் சின்னத் துளையோடு போய்விடும்; புலி புதருக்குள் போய்க் காத்திருக்கும். அதற்கு மூக்கில் ஈயம் வெளியே தெரியும் மென்குண்டு வேண்டும். சதையில் பட்டதும் மூக்கு மலர்ந்து அகலும். பென்னாகரம், ஜவளகிரி காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிய பெங்களூரு கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர், 1904இல் வந்த அமெரிக்கத் தோட்டா. மொட்டை மூக்குள்ள 19 கிராம் குண்டு. இருநூறு மீட்டருக்கு அப்பால் அது பிரயோஜனமில்லை, வேகம் சரிந்து கீழே இறங்கிவிடும். ஆனால் மரத்துப் பரணில் உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில், பதினைந்து இருபது மீட்டரில் இரைக்குத் திரும்பி வரும் புலியைச் சுடுகிறவருக்கு இருநூறு மீட்டர் எதற்கு? அடிவிசையை ஒருமுறை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தயார். அது போதும். அமெரிக்க அதிபராக இருந்து ஓய்வுபெற்ற தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய், சிங்கத்துக்கு இதுதான் மருந்து என்று மெச்சியதும் இதே .405தான்.

ஜிம் கார்பெட் 1907இல் சம்பாவத் பெண்புலியின் பின்னால் போனபோது கையில் .500 எக்ஸ்பிரஸ் ரைஃபிள். பையில் மூன்றே தோட்டா. மிஞ்சிப்போனால் இரண்டு சுடுவோம், ஒன்று அவசரத்துக்கு என்பது அவர் எண்ணம். மூன்றும் தீர்ந்தன, புலி விழவில்லை. தாசில்தாரிடமிருந்த ஆட்டங்கண்ட பழைய துப்பாக்கியை ஓடிப்போய் வாங்கி வந்துதான் முடித்தார். 436 பேரைத் தின்றதாகச் சொல்லப்பட்ட புலி அது. அதற்காக ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் ஹூவெட் கார்பெட்டுக்குப் பெயர் பொறித்துப் பரிசளித்தது பெரிய ரைஃபிள் ஒன்றும் அல்ல, பெல்லுடையது போன்ற ஒரு .275 ரிக்பி.

தோட்டாவின் பெயரைவிட அதன் முனையில் இருக்கும் குண்டு எப்படிக் கட்டப்பட்டது என்பது முக்கியம் என்று அமெரிக்கர்களுக்குப் புரியவைத்தது ஒரு மூஸ் கடமான். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சேற்றில் புரண்டு தோலெல்லாம் மண் காய்ந்து அப்பியிருந்த பெரிய ஆண் மூஸை ஜான் நாஸ்லர் என்பவர் சுட்டார். சக்தி வாய்ந்த .300 மேக்னம் தோட்டா. குண்டுகள் மண்ணிலும் தோலிலும் பட்டதுமே சிதறின, உள்ளே போகவில்லை. வேகம் கூடியதுதான் வில்லங்கம். மெதுவாகப் போயிருந்தால் அதே குண்டு பிழைத்திருக்கும். வீடு திரும்பி அவர் செய்த குண்டில் நடுவே ஒரு செம்புத் தடுப்புச் சுவர் இருந்தது. முன்பாதி மலரும், எது நடந்தாலும் பின்பாதி கட்டுக்குலையாமல் ஆழம் போகும். 1948இல் ‘பார்ட்டிஷன்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது, இன்றும் வருகிறது.

காட்டெருமைக் கூட்டத்தில் இந்தத் தேர்வு இன்னும் சிக்கல். முழு உறை போட்ட கெட்டிக் குண்டு என்றால் ஒன்றைத் துளைத்து அந்தப் பக்கம் நிற்கும் இன்னொன்றைக் காயப்படுத்தும். மென்குண்டு போட்டால், காயம்பட்டு ஓடுகிற விலங்கின் பின்பக்கமாகச் சுட நேரும்போது நெஞ்சுவரை எட்டாது. அதனால் முதல் தோட்டா மென்குண்டு, அடுத்தவை கெட்டிக் குண்டு என்று அடுக்கிக்கொள்வது பல தொழில்முறை வழிகாட்டிகளின் பழக்கம்.

விளம்பரத்தை நம்பிய கதையும் ஒன்று உண்டு. 1956இல் வந்த .458 வின்செஸ்டர் மேக்னம், பழைய .450இன் சக்தியைக் குட்டையான கூட்டுக்குள் தருவதாகச் சொன்னது. அதற்கு மருந்தை அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தது. சில வருஷம் கிடந்த தோட்டாக்களில் மருந்து கட்டிதட்டிப்போய், குண்டு சொன்ன வேகத்தில் பாயவில்லை. ஆப்பிரிக்கக் காட்டிலாகா ஆட்களின் புலம்பல் பெரிதான பிறகுதான் கம்பெனி மருந்தை மாற்றியது. 1959இல் மொசாம்பிக்கில் ஜாக் லாட் என்ற அமெரிக்கரை ஒரு காட்டெருமை முட்டிப் புரட்டியது; கையிலிருந்தது .458. தப்பிப் பிழைத்தவர், கூட்டை ஏழரை மில்லிமீட்டர் நீட்டி மருந்துக்கு இடம் விட்டு 1971இல் செய்ததுதான் .458 லாட்.

இந்தியாவில் இந்த விவாதத்துக்கு 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கதவைச் சாத்திவிட்டது. கென்யா 1977இல் வேட்டையை நிறுத்தியது. இப்போது பெருவேட்டை சாதாரண மக்களின் வாழ்க்கையில் இருப்பது வட ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற இடங்களில்தான். மூஸும் மானும் குளிர்காலத்துக்கு இறைச்சி. அங்கே வீட்டுக்கு வீடு இருப்பது .30-06, .308, 6.5x55 போன்ற நடுத்தரத் தோட்டாக்கள். யானையைப் பற்றி நூறு வருஷம் சண்டை போட்டது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. நார்வேயில் பெருவிலங்கு வேட்டைக்குப் போகிறவர் வருஷத்துக்கு ஒருமுறை தேர்வு எழுத வேண்டும், துப்பாக்கியால். முப்பது பயிற்சித் தோட்டா சுட்டுக் காட்டிய பின், நூறு மீட்டரில் முப்பது சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்து குண்டு; ஐந்தும் விழுந்தாக வேண்டும். தோள் நோகும் மேக்னம் வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் திணறுவார்கள்.

அளவுச் சண்டை ஓய்ந்த இடத்தில் ஈயச் சண்டை தொடங்கியிருக்கிறது. மலரும் குண்டு பொடிப்பொடியாக ஈயத்தை உதிர்க்கிறது. வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் குடலைத் தின்ற கலிபோர்னியா காண்டர் கழுகுகள் ஈய நஞ்சில் மடிந்தன. கலிபோர்னியா 2019 ஜூலையிலிருந்து எல்லா வேட்டைக்கும் ஈயத்தைத் தடை செய்தது. டென்மார்க் 2024 ஏப்ரலில் ரைஃபிள் தோட்டாவிலும் நிறுத்தியது. மாற்று, முழுச் செம்புக் குண்டு. செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடைக்கு நீளம் கூடும். நீளம் கூடிய குண்டைத் தடுமாறாமல் அனுப்பக் குழலின் உள்வரிகள் இன்னும் நெருக்கமாக முறுக வேண்டும். தாத்தா காலத்து ரைஃபிளில் அந்த முறுக்கு இருக்காது. லண்டனில் செய்த பழைய இரட்டைக்குழல்களில் இன்னொரு தொல்லை: அவற்றின் குழல் மெல்லியது, எஃகு மென்மையானது. உள்ளே நசுங்கிக் கொடுக்காத கெட்டிச் செம்பு போனால் வரிகள் குழலின் வெளிப்பக்கம் புடைத்துத் தெரியும் அளவுக்குக் கெடுதல் நேரலாம். அதனால் அத்தகைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள், குழலோடு உரசும் இடம் குறைவாக இருக்கும்படி வளையம் வளையமாகக் கடைந்த செம்புக் குண்டுகளைத் தேடி வாங்குகிறார்கள்.